பத்தாங் காலியில் முதல் கூடாரம்: காட்டில் ஓர் இரவு தங்குவது எப்படி?

கொம்யூட்டர் ரயிலில் ரவாங், செரெண்டா தாண்டி வந்தால் எங்கள் ஊர் பத்தாங் காலி. கோலாலம்பூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். ஊரைச் சுற்றி இன்னும் செம்பனை (எண்ணெய்ப்பனை) நிற்கிறது, அதற்குப் பின்னால் திதிவாங்சா மலை. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் பல தாமான்களாக, அதாவது வீடமைப்புப் பகுதிகளாக, மாறிவிட்டாலும் காடு அதே இடத்தில்தான் இருக்கிறது. வார இறுதிக்கு வரும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, “அண்ணே, எந்த டெண்ட் வாங்கலாம்?” என்றுதான். அதை அப்புறம் சொல்கிறேன். எந்த மண்ணில் அடிக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் பேசுவோம்.

1. இடம்

2022 டிசம்பர் 16 விடியற்காலை, எங்கள் ஊரிலிருந்து கெந்திங் மலைக்குப் போகும் சாலைப் பக்கம் ஒரு முகாமின்மேல் மலை சரிந்தது. கூடாரங்களில் தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள். 31 பேர் இறந்தார்கள், குழந்தைகளும் அதில் உண்டு. ஊர்க்காரனாக அதைச் சொல்லாமல் இந்த விளக்கத்தை என்னால் தொடங்க முடியாது.

அதனால் முகாம் நடத்துகிறவரிடம் உரிமம் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். வனக்காப்புப் பகுதி என்றால் மாநில வனத்துறையின் நுழைவு அனுமதி வேண்டும். போனதும் மேலே பாருங்கள். பின்னால் செங்குத்தாக வெட்டிய மண்சரிவு நிற்கிறதா? மரங்கள் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றனவா? மண்ணில் புது வெடிப்பு இருக்கிறதா, சரிவின் அடியில் கலங்கல் நீர் கசிகிறதா? இதில் ஒன்றைக் கண்டாலும் பணம் போனால் போகிறது என்று திரும்பிவிடுங்கள். சில நாளாக அடைமழை என்றால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். மலை சரிய அன்றைக்குத்தான் மழை பெய்ய வேண்டும் என்பதில்லை, ஊறிய மண்ணே போதும்.

அடுத்தது ஆறு. என் முதல் முகாமில் ஆற்றோர மணல்திட்டு ஒன்றைப் பார்த்து மயங்கி அங்கேயே டெண்ட் அடித்தேன். மட்டமாக, மெத்தைபோல இருந்தது. அப்பா 30 வருடம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கரையோரப் புதர் ஒன்றைக் காட்டினார். என் இடுப்பு உயரத்தில் காய்ந்த சருகும் ஒரு பிளாஸ்டிக் பையும் கிளையில் சிக்கியிருந்தன. போன வெள்ளம் அதுவரை ஏறியிருக்கிறது! டெண்டைப் பிடுங்கி மேட்டில் நட்டோம். மாலை ஐந்து மணிக்கு எங்கள் தலைக்குமேல் ஒரு துளி மழை இல்லை. ஆனாலும் கண்ணாடிபோல ஓடிய ஆறு தே தாரிக் (பால்தேநீர்) நிறமாகி, குச்சியும் பச்சை இலையும் அடித்துக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த மணல்திட்டைக் காணவில்லை.

மலாயில் இதைக் ‘கெப்பாலா ஆயர்’ என்பார்கள். மலையுச்சியில் பெய்த மழை மொத்தமாகத் திரண்டு இறங்குவது. 2021 ஆகஸ்டில் கெடா மாநிலத்து ஜெராய் மலையடிவாரத்தில் உயிர்களைக் கொண்டுபோனதும் இதுதான். எனவே தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வைத்து அடிக்கடி பாருங்கள். நீர் கலங்கினாலோ, சட்டென்று ஏறினாலோ இறங்கினாலோ, மேலேயிருந்து உறுமல் கேட்டாலோ சாமானை விட்டுவிட்டு மேட்டுக்கு ஓடுங்கள்.

தலைக்குமேலும் ஒரு பார்வை வேண்டும். காய்ந்த கிளை, டுரியான் மரம், கிழட்டுப் பால்மரம் இவற்றின் அடி ஆகாது. பால்மரம் காற்றுக்கு மளுக்கென்று ஒடியும். செம்பனைக்குள்ளும் வேண்டாம், எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும்.

2. சாமான்

இப்போது டெண்ட். இரண்டு பேருக்கு ‘மூன்று பேர்’ என்று எழுதிய குவிமாட வகை சரியாக இருக்கும். உள்கூட்டில் வலை நிறைய இருக்கட்டும், அதன்மேல் போடும் மழைத்துணியான மேல்விரிப்பு தரைவரை இறங்கட்டும். நம் வெப்பத்துக்கும் மழைக்கும் இவை இரண்டும்தான் முக்கியம். தடித்த தூக்கப்பை தேவையில்லை. அடிவாரக் காட்டில் ஒரு பாயும் மெல்லிய போர்வையும் போதும்.

நெற்றியில் கட்டும் விளக்கு ஆளுக்கு ஒன்று வேண்டும். இருட்டோடு பால்வெட்டப் போகிறவர்கள் அதைக் கட்டுவது ஏன் என்று காட்டில் ஒரு முடிச்சுப் போடும்போது புரியும்: இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும். கேஸ் அடுப்பு, குடிநீர், முதலுதவிப் பை, குப்பைப் பை, தடித்த பிளாஸ்டிக் உறையில் மாற்றுத்துணி. இவ்வளவுதான்.

3. வீட்டில் ஒரு ஒத்திகை

வாங்கிய டெண்டைத் தாமான் திடலில் ஒருமுறை அடித்துப் பழகுங்கள். கம்பி ஒன்று குறைந்தால் வீட்டுப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். அப்படியே ரப்பர் குழாயால் கால்மணி நேரம் தண்ணீர் பீய்ச்சுங்கள், எந்தத் தையலில் ஒழுகுகிறது என்று பார்க்கலாம்.

4. டெண்ட் அடிப்பது

மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடிமழை அடிக்கடி கொட்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொஞ்சம் வறட்சி, புதியவர்களுக்கு அதுதான் நல்லது. எந்த மாதமானாலும் பிற்பகல் 2 மணிக்குள் போய்ச் சேருங்கள். ஏழரைக்கு ஊரில் இருட்டும் என்றால் மரநிழலில் ஆறரைக்கே மங்கிவிடும்.

கல், வேர் பொறுக்கிவிட்டு அந்த வெறுந்தரையில் ஒருமுறை படுத்துப் பாருங்கள். இலேசான சரிவு இருந்தால் தலை மேட்டுப் பக்கம் வரட்டும். தரைவிரிப்பைப் போட்டு, அதன் ஓரத்தை டெண்டுக்கு அடியில் உள்ளே மடித்துத் தள்ளுங்கள். ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் மழைநீர் அதில் விழுந்து நேராக உங்கள் முதுகுக்கு அடியில் போகும். இதில் ஏமாறாத புதியவரை நான் பார்த்ததில்லை.

முளைகளின் தலை டெண்டுக்கு எதிர்ப்பக்கம் சாயும்படி அடியுங்கள். மேல்விரிப்பை நன்றாக இழுத்துக் கட்டுங்கள். உள்துணிக்கும் அதற்கும் இடையில் கை நுழையும் இடைவெளி வேண்டும், ஒட்டினால் ஈரம் உள்ளே இறங்கும். கயிறுகளில் வெள்ளைத்துணி ஒன்று கட்டிவிட்டால் இரவில் கால் தடுக்காது.

5. இரவு

சமையலைப் பெரிதாக்க வேண்டாம். சோற்றை அங்கே வடித்து, வீட்டில் வதக்கிக் கொண்டுவந்த சம்பலில் ஒரு டின் மத்தியைக் கொட்டினால் அமிர்தம். ஆற்றுநீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள், எலிக்காய்ச்சல் விளையாட்டல்ல. டெண்டுக்குள் அடுப்பு பற்றவைக்கவே கூடாது. மிச்சச் சாப்பாட்டைக் காரில் பூட்டிவிடுங்கள். குரங்குகள் ஜிப்பையே திறக்கும்.

அட்டைக்குப் பயப்படாதீர்கள். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகி, காலுறைமேல் சவர்க்காரத்தைத் தேயுங்கள். கடித்துவிட்டால் நகத்தால் பக்கவாட்டில் தள்ளி எடுத்துவிட்டு அழுத்திப் பிடிக்கலாம்.

போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அவசர எண் 999. ஆனால் பல பள்ளத்தாக்குகளில் கைப்பேசிக்கு லைன் கிடைக்காது, எந்த வளைவில் கிடைத்தது என்று வரும்போதே பார்த்து வையுங்கள். இதெல்லாம் முடிந்தபின் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு உட்காருங்கள். முதலில் சில்வண்டு, அப்புறம் தவளை, பிறகு எங்கோ ஓர் ஆந்தை.

6. காலை

வந்தபோது இருந்ததைவிடச் சுத்தமாக இடத்தை விட்டு வாருங்கள், முட்டை ஓடு உட்பட. டெண்ட் பனியில் நனைந்துதான் இருக்கும், அப்படியே சுருட்டிக்கொள்ளலாம். ஆனால் வீடு வந்ததும் குளிக்கும் முன்பே அதை விரித்துத் துணிக்கொடியில் போடுங்கள். இரண்டு நாள் பையிலேயே கிடந்தால் கரும்பூஞ்சை பிடித்துவிடும், அந்த நாற்றம் பிறகு போகவே போகாது.