குட்டி யானையில் சின்னக் கிரேன் வைப்பவர்களுக்கு

எங்கள் ரீவைண்டிங் கடை பல்லடம் பக்கம். மில்லிலிருந்து வருவது 10 எச்பி மோட்டார் என்றால் இரண்டு பேர் முக்கி முனகி ஏற்றிவிடுவோம். 25 எச்பி என்றால் 170, 180 கிலோ வரும். அதற்கு நான்கு பேர் வேண்டும், அதில் யாராவது ஒருவர் விரலை நசுக்கிக்கொள்வார். அதனால்தான் டாடா ஏஸின் பின்மூலையில் கையால் சுற்றும் வின்ச் (கம்பிக்கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை) வைத்த கிரேன் ஒன்றைப் பொருத்தினேன். இரண்டு தடவை பொருத்தினேன் என்பதுதான் உண்மை.

முதல் தடவை ஒரு பட்டறையில் விட்டேன். தொட்டித் தகரத்தில் நான்கு ஓட்டை போட்டு, அடியில் வாஷர் கொடுத்து முறுக்கி அனுப்பிவிட்டார்கள். 90 கிலோ மோட்டாரைத் தூக்கியதும் தகரம் அப்பளம் மாதிரி பொங்கியது. கிரேனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து பேப்பரில் போட்டுப் பார்த்த கணக்கு இது. 1.2 மீட்டர் நீண்ட கிரேன் கையின் நுனியில் 200 கிலோ தொங்கினால் தூணின் அடியில் 200ஐ 1.2 ஆல் பெருக்கிய அளவு, அதாவது 240 கிலோ-மீட்டர் திருகல் (தூரத்தை அளக்கும் கிலோமீட்டர் அல்ல). அடித்தகட்டில் போல்ட்டுகளுக்கு நடுவே 20 சென்டிமீட்டர் இடைவெளிதான். 240ஐ 0.2 ஆல் வகுத்தால் 1200. அதாவது சுமைக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் இரண்டு போல்ட்டுகளையும் ஆளுக்குச் சுமார் 600 கிலோ மேல்நோக்கிப் பிடுங்குகிறது. தகரம் என்ன செய்யும், பாவம்.

அப்புறம் ஸ்டிக்கர். கிரேனில் பெரிதாக 500 கிலோ என்று ஒட்டியிருக்கும். அது கையை முழுக்க உள்ளே இழுத்து வைத்தால்தான். என்னுடையதில் அந்த அளவு 60 சென்டிமீட்டர். கையை இரண்டு மடங்கு நீட்டினால் தாங்குவது பாதி, 250. வாங்கும்போதே இதைக் கேளுங்கள். இன்னொன்று, வண்டியைச் சேற்றிலிருந்து இழுக்கும் 12 வோல்ட் வின்சைத் தூக்குவதற்கு மாட்டாதீர்கள். அதன் பிரேக் தொங்கும் சுமைக்காகச் செய்ததல்ல. கைப்பிடியை விட்டாலும் சுமை அப்படியே நிற்கும் பிரேக் வின்ச்தான் வேண்டும்.

இரண்டாம் தடவை நானும் கடைத் தம்பியும் சேர்ந்து செய்தோம். சேஸியின் இரண்டு நீளச் சட்டங்களுக்கும் குறுக்கே 75க்கு 40 மில்லிமீட்டர் சி சேனல் இரண்டு போட்டு, அவற்றின் மேல் 10 மில்லிமீட்டர் தகடு, அதன் மேல் தூண். தொட்டித் தகரம் இந்த வேலையில் இல்லவே இல்லை. அதில் தூண் நுழைய வழி மட்டும் வெட்டினோம். சேஸியில் வெல்டிங் வைக்கக் கூடாது. அதன் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஓட்டை போடக் கூடாது, பாரத்தின் பெரும்பங்கு அந்த விளிம்புகளில்தான் ஓடுகிறது. யு போல்ட்டால் கவ்விப் பிடிப்பதே நல்லது. கவ்வுவதற்கு முன் கையை விட்டுத் தடவிப் பாருங்கள்; பிரேக் குழாயும் ஒயரிங்கும் சேஸியை ஒட்டித்தான் போகின்றன. சேனலை வண்டியிலேயே வைத்து வெல்டு அடிப்பதானால் முதலில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். தகட்டையும் தூணையும் பிடிப்பது 8.8 என்று வலிமைத் தரத்தைத் தலையில் பொறித்த 16 மில்லிமீட்டர் போல்ட். லாரி டயர் கடையில் டார்க் ரெஞ்ச் (எவ்வளவு முறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பானர்) இரவல் வாங்கி 200 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கினேன். முறுக்கியதும் போல்ட் தலையிலிருந்து தகடு வரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிட்டேன். போல்ட் தளர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

கம்பிக்கயிற்றின் முனையை மடித்துப் பிடிக்கும் கிளிப்பில் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். கிளிப்பின் வளைந்த கம்பி வெட்டுமுனைப் பக்கம் இருக்க வேண்டும், பாரம் தாங்கும் கயிற்றின் மேல் அடிப்பாகம்தான் உட்கார வேண்டும். மூன்று கிளிப்புக்குக் குறையக் கூடாது. கொக்கி தரையைத் தொடும்போதும் உருளையில் மூன்று சுற்றாவது மிச்சம் இருக்கட்டும்.

இனி சோதனை. மோட்டாரைத் தொங்கவிட்டுச் சோதிக்காதீர்கள், தண்ணீரில் செய்யுங்கள். 200 லிட்டர் டிரம், அது நிற்கும் பலகை, சங்கிலி, ஒரு சிறு மணல் மூட்டை எல்லாவற்றையும் பழைய இரும்புக் கடைத் தராசில் ஏற்றினோம், 50 கிலோ. தண்ணீர் நிறைந்தால் மொத்தம் 250. நான் தூக்க நினைத்தது 200தான், அதற்குக் கால் பங்கு மேலே.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கிரேன் பக்கம் வண்டி சாயாமல் தாங்கும் ஜாக்கிக் காலைப் பலகையின் மேல் இறக்குங்கள். தரை சரிந்திருந்தால் கை தானாகவே பள்ளத்துப் பக்கம் சுழன்றுவிடும், அதனால் ரசமட்டம் வைத்துப் பார்ப்பது நல்லது. காலி டிரம்மை அரை அடி மட்டும் தூக்கி ஓஸ் பைப்பால் தண்ணீர் விடுங்கள். ஆள் யாரும் கைக்கு அடியில் வேண்டாம். எதிர் மூலை முன்சக்கரத்தின் அடியில் ஒரு செய்தித்தாளைச் செருகி வைத்திருந்தேன். நூறு லிட்டர் தாண்டியதும் தம்பி, "அண்ணா, பேப்பர் கையோட வருதுங்க" என்றான். அந்தச் சக்கரத்தில் பாரமே இல்லை என்று அர்த்தம். உடனே தண்ணீரை நிறுத்தி டிரம்மை இறக்கினோம். ஜாக்கிக் கால் சேஸிக்கு நெருக்கமாக இருந்ததுதான் காரணம். அதை வெளியே 40 சென்டிமீட்டர் நீட்டி மறுபடி ஆரம்பித்தோம். இந்தத் தடவை 250 வந்தும் பேப்பர் அசையவில்லை.

தூக்குவதற்கு முன் கைநுனியின் உயரத்தைக் கடைச் சுவரில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். முழுச் சுமையோடு பத்து நிமிடம் விட்டேன். நுனி கொஞ்சம் தாழ்ந்தது, அது தப்பில்லை. சுமையை இறக்கியதும் பழைய கோட்டுக்கே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் எங்கோ இரும்பு வளைந்துவிட்டது, அல்லது போல்ட் நழுவிவிட்டது. அடுத்து டிரம்மில் கொஞ்சம் தண்ணீரைக் கொட்டி, 200 கிலோவோடு இரு பக்கமும் மெதுவாகச் சுழற்றி, இடையில் நிறுத்தி நிறுத்தி இறக்கிப் பார்த்தோம். கடைசியில் வெல்டுகளின் மேல் மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடி தூவினேன். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் ஈரக்கோடாக மேலே வரும்.

காகித வேலையும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. கிரேனை வாங்குவதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். தொழிற்சாலைக்குள் தூக்கும் சாதனங்களைத் தகுதி பெற்றவர் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது பரிசோதிக்க வேண்டும் என்றது 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு; 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. மில் கேட்டில் பரிசோதித்த சான்றிதழைக் கேட்பார்கள்.

500 கிலோ ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டு, கையின் இரு பக்கமும் மஞ்சள் பெயின்ட்டில் '200 கிலோ' என்று எழுதினேன். கை சேஸியைத் தாண்டி நீட்டிக்கொண்டு ஓடாமல் இருக்கப் பூட்டு ஊசி ஒன்று, அது தொலையாமல் இருக்கச் சிறு சங்கிலி ஒன்று. முதல் நூறு கிலோமீட்டர் ஓடியபின் பெயின்ட் கோடுகளைப் பார்த்தோம். எட்டில் ஒன்று உடைந்திருந்தது, மறுபடி முறுக்கினோம்.