ஊரார் எத்தனை அடி தாங்க வேண்டும்?

ஆட்டக்காரர்கள் சாகச நாயகர்களாக நடித்துப் பகடை உருட்டி விளையாடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில், கதையையும் மற்ற பாத்திரங்களையும் கையாள்பவர் நடத்துநர். அந்த ஆட்டத்தை முதன்முறையாக நடத்துபவர், அரக்கர்களுக்கும் மந்திரவாதிகளுக்கும் உரிய எண்களைக் கவனமாகக் குறித்து வைத்திருப்பார். ஆனால் ஆட்டக்காரர் ஒருவர் சத்திரக்காரரின் சட்டையைப் பிடித்து உலுக்கும்போதுதான், இந்த மனிதர் எத்தனை அடி தாங்குவார் என்று தாம் யோசிக்கவே இல்லை என்பது அவருக்கு உறைக்கும். அந்த நேரத்தில் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்வதைவிட, ஊராருக்கான அளவை முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நல்லது.

2014-இல் வெளியான ஐந்தாம் பதிப்பின் விதிகளை அளவுகோலாகக் கொள்ளலாம். அதில் சாதாரண ஊர்க்காரருக்கு ஹிட் பாயிண்ட் (தாங்கக்கூடிய சேத அளவு) 4, ஆர்மர் கிளாஸ் (அடி படாமல் தப்பும் அளவு) 10, வலிமை முதலான ஆறு திறன்களும் 10. கையில் ஒரு தடி. வலிமை 16 உள்ள, முதல் லெவல் (அனுபவப் படி) போர்வீரர் நீளவாளை வீசினால் குறைந்தபட்சச் சேதமே 4 என்பதால், வெட்டு பட்டாலே ஊர்க்காரர் விழுந்துவிடுவார். கோப்ளின் என்னும் குள்ள அரக்கன் ஒன்று அவரைத் தாக்கினால், எட்டில் ஐந்து முறை ஒரே அடியில் கதை முடிந்துவிடும். பத்தடி உயரத்திலிருந்து விழுபவருக்கு ஓர் அறுமுகப் பகடை காட்டும் அளவு சேதம் என்பதால், கூரை வேய ஏறியவர் கால் வழுக்கினால் எழுந்து வருவது பாதிக்குப் பாதிதான். இதைக் கேட்டுச் சிலர் சிரிப்பார்கள். ஆனால் இவை சாகசத்துக்காக எழுதப்பட்ட விதிகளே தவிர, கிராமத்து விபத்துகளைக் கணக்கிட எழுதப்பட்டவை அல்ல. கூரைக்காரருக்காகப் பகடை உருட்டாதீர்கள்.

இந்த 4 என்ற எண்ணைக் கண்டதும் அதை உயர்த்திவிடக் கை துறுதுறுக்கும். சத்திரக்காரர் ஒரு காலத்தில் பதினைந்தாம் லெவல் வீரராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று சொல்லிவிட்டால், ஆட்டக்காரர்களின் அடாவடி அன்றோடு அடங்கும் என்பது உண்மையே. ஆனால் அடுத்த வாரம் கோப்ளின் கூட்டம் ஊரைச் சூழும்போது அவர் ஏன் அடுப்படியில் நின்று பாத்திரம் துலக்குகிறார் என்ற கேள்விக்கு உங்களிடம் விடை இருக்காது. ஊராரால் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள முடியுமானால், நாயகர்களுக்கு அந்த ஊரில் வேலையே இல்லை. ஆகவே பெரும்பாலானோரை 4-லேயே விடுங்கள். கொல்லருக்கும் மரம்வெட்டிக்கும் வலிமையைச் சற்றே கூட்டி, ஹிட் பாயிண்டை 8 அல்லது 9 ஆக்கலாம். விதிநூலின்படி காவலாளிக்கு 11, அடியாளுக்கு 32, போர்க்களம் பல கண்ட பழைய வீரருக்கு 58. இந்தக் கடைசி வகையினர் சிற்றூர் ஒன்றுக்கு ஒருவர் இருந்தாலே அதிகம்.

உடல் உறுதி வேறு, தொழில்திறன் வேறு என்பதைப் பல நடத்துநர்கள் மறந்துவிடுகிறார்கள். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் ஒருவருடைய கைத்திறனின் உச்சவரம்பு அவருடைய லெவலோடு கட்டப்பட்டிருந்ததால், தேர்ந்த பொற்கொல்லரை உருவாக்க அவருக்கு லெவலை ஏற்ற வேண்டியிருந்தது. லெவல் ஏறினால் அடி தாங்கும் சக்தியும் கூடவே ஏறியது. இதே வகை ஆட்டமான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு இந்த முடிச்சை அழகாக அவிழ்த்தது: கைகலப்பில் மிகத் தாழ்ந்த லெவலில் இருக்கும் ஒருவர், தம் தொழில் சார்ந்த போட்டியில் மட்டும் பல லெவல் உயர்ந்தவராகக் கருதப்படலாம். எந்த ஆட்டத்தை நடத்தினாலும் இந்த முறையைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். பேரம் பேசுவதில் யாராலும் அசைக்க முடியாத துணி வியாபாரி, ஒரு குத்தில் மயங்கி விழுவதில் முரண் ஏதும் இல்லை.

தனியாளாக நலிந்தவர்கள் கூட்டமாகச் சேர்ந்தால் கணக்கே மாறிவிடுகிறது. ஓகர் என்னும் பேருருவ அரக்கனுக்கு ஹிட் பாயிண்ட் 59, ஆர்மர் கிளாஸ் 11. கட்டம் போட்ட பலகையில் அதைச் சுற்றிப் பத்து, பன்னிரண்டு பேர் நிற்க இடம் உண்டு என்றாலும், எட்டுப் பேர் மட்டும் சூழ்ந்து நின்று, விழுந்தவரின் இடத்தைப் பின்னால் நிற்பவர் நிரப்பிக்கொண்டே இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்குச் சராசரியாக 13 சேதம் ஏற்படும். ஐந்து சுற்றுகளில் ஓகர் சாயும், அதற்குள் ஊராரில் நான்கைந்து பேர் மாண்டிருப்பார்கள். அப்படியானால் அரக்கனுக்கு ஊர் ஏன் அஞ்சுகிறது? முதல் ஆளாகச் சாக யாருக்கும் மனமில்லை என்பதால்தான்.

இந்த அச்சத்தை அளக்க 1981-ஆம் ஆண்டு வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பேசிக் விதிகளில் இருந்த மன உறுதிச் சோதனை இன்றும் கைகொடுக்கும். அதில் சாதாரண மனிதருக்கு மன உறுதி 6. கூட்டத்தில் முதல் சாவு விழும்போதும், பாதிப் பேர் வீழ்ந்த பிறகும் இரண்டு அறுமுகப் பகடைகளை உருட்டி, கூட்டுத்தொகை 6-ஐத் தாண்டினால் கூட்டம் சிதறி ஓடுவதாகக் கொள்ள வேண்டும். ஏறத்தாழ நூற்றுக்கு 58 முறை ஓடிவிடுவார்கள். தம் பிள்ளைகள் பின்னால் நிற்கும்போதோ, நாயகர் ஒருவர் முன்னே நின்று குரல் கொடுக்கும்போதோ அந்த 6-ஐ 9 அல்லது 10 ஆக்குங்கள். ஊரார் உறுதி பெறுவதற்கு ஹிட் பாயிண்டைவிட இதுவே பொருத்தமான இடம். அதை ஆட்டக்காரர்களே சம்பாதித்துக் கொடுத்தது போலவும் இருக்கும்.

சண்டை வேண்டாம் என்று நினைக்கும் ஆட்டக்காரருக்கும் வழி இருக்கிறது. ஐந்தாம் பதிப்பில் கைகலப்பு அடியால் ஒருவரை வீழ்த்தும்போது, கொல்லாமல் மயக்கமுறச் செய்வதாக அடித்தவரே அறிவித்துக்கொள்ளலாம். வெடித்துச் சிதறும் நெருப்புக்கோள மந்திரமான ஃபயர்பாலுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதன் சராசரிச் சேதம் 28. விலகித் தப்பியவருக்கும் 14. சந்தைக்கூட்டத்தின் நடுவே திருடனைக் குறிவைத்து அதை வீச ஒருவர் பகடையைக் கையில் எடுத்தால், வெடிப்பு எல்லைக்குள் எத்தனை ஊரார் நிற்கிறார்கள் என்று எண்ணிச் சொல்லிவிட்டு, உருட்டலாமா என்று அவரிடம் ஒருமுறை கேளுங்கள்.