பட்டுச்சேலைக்கு மேலே பழைய ஸ்வெட்டர்: மலையில் பெரியவர்களுக்கு உடை எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டியில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் வயதான அம்மாக்கள் நல்ல பட்டுச்சேலைதான் கட்டியிருப்பார்கள். ஆனால் நம் கண்ணில் படுவது கொசுவமும் கரையும்தான். அதற்கு மேலே முழங்கையில் நூல் பிரிந்து, சாயம் போன ஒரு ஸ்வெட்டர். பிள்ளைகள் சேலைக்குத் தாராளமாகச் செலவு செய்கிறார்கள். வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் வெளியே தெரிகிற ஸ்வெட்டரை மட்டும் போகிற போக்கில் எடுத்துவிடுகிறார்கள். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. கோயம்புத்தூர்க் கணக்கு இங்கே எடுபடாது. அம்மாவை அழகாகப் பார்க்க வேண்டும் என்றால் பணத்தை முதலில் ஸ்வெட்டரில் போடுங்கள், சேலை அப்புறம்.

அந்த ஸ்வெட்டரிலும் தலைவழியாக மாட்டுவது வேண்டாம். தோள்பட்டை வலி உள்ளவர்களால் கையைத் தூக்க முடியாது, கொண்டை கலையும், மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொள்ளும். முன்பக்கம் திறக்கிற மாதிரி, விரலுக்குப் பிடிபடும் பெரிய பொத்தான் வைத்ததாக எடுங்கள். இடுப்போடு நின்றுவிடும் ஸ்வெட்டர் சேலைக்குச் சரிவராது, கொசுவம் செருகிய இடம் உப்பித் தெரியும். அதைத் தாண்டி ஒரு சாண் இறங்கினால் பார்க்க நன்றாக இருக்கும். இரண்டு பக்கமும் பை வேண்டும். மாத்திரை, சாவி, கைக்குட்டை எல்லாம் அதில்தான் போகும். 'கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும்' என்று எடுத்தால் தோள் தொங்கி, யாரோ கொடுத்ததைப் போட்ட மாதிரி இருக்கும்.

நிறத்தில் ஒரு சண்டை வரும். "அழுக்கு தெரியாது" என்று அவர் பழுப்பைத்தான் கேட்பார். அங்கேயே மல்லுக்கட்ட வேண்டாம். பீரோவைத் திறந்து, எந்த நிறச் சேலைகள் அதிகம் என்று பாருங்கள். அரக்கு, மயில்கழுத்து, கரும்பச்சை என்று அவற்றில் பலவற்றுக்கும் ஒத்துப்போகும் ஒன்று கிடைக்கும், அதிலும் அழுக்கு தெரியாது. கணவரை இழந்த பிறகு நிறங்களை ஒதுக்கிவிட்ட அம்மாவாக இருந்தால் இன்னும் நிதானம் தேவை. விசேஷ வீட்டில் நாலு பேர் முன்னால் பளிச்சென்ற சேலையை நீட்டி "கட்டிக்கம்மா" என்பது அன்பாகத் தெரியலாம், அவருக்கு அது தர்மசங்கடம். வீட்டில் போர்த்திக்கொள்ள வண்ணச் சால்வை ஒன்று வாங்கி வையுங்கள். போர்த்துவதும் விடுவதும் அவர் விருப்பம்.

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது ரவிக்கையில். ஸ்வெட்டருக்குள் மறைந்தே கிடப்பதால் அதை யாரும் கவனிப்பதில்லை. அளவு பழசு, தோளில் தொளதொள, ஹூக் ஒன்று இருக்காது. ஒரு கல்யாணத்துக்காக மேட்டுப்பாளையம் இறங்கினால் வேர்த்துக் கொட்டும், ஆனாலும் அம்மா ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார். குளிர் பழக்கம் என்று நாம் நினைப்போம். உள்ளே இருக்கும் ரவிக்கை தெரிந்துவிடும் என்பதுதான் விஷயம். தையற்காரரிடம் அழைத்துப்போய்ப் புதிதாக அளவு கொடுத்து, முழங்கை வரை கை வைத்து ரெண்டு ரவிக்கை தைத்துவிடுங்கள். கையில் கொசுவம் வைப்பதும் ஆரி வேலையும் வேண்டாம். ஸ்வெட்டருக்குள் ஒன்று சுருண்டுகொள்ளும், மற்றது நூலை இழுக்கும்.

தாத்தாக்களிடம் மாற்ற அதிகம் இல்லை. வெள்ளை வேட்டி, மேலே கோட்டு, கழுத்தில் மப்ளர் என்று வரும் மலைக்காரப் பெரியவரை ஜீன்ஸும் டிஷர்ட்டும் போட வைப்பவர்களை எனக்குப் புரிவதே இல்லை. வயதில் உடம்பு வற்றி, கோட்டின் கை விரல் வரை இறங்கியிருக்கும். கையைச் சுருக்கி, பக்கத் தையலைப் பிடித்தால் போதும், ஆளே மாறிவிடுவார். குரங்குக் குல்லாவைக் கிண்டல் செய்யாதீர்கள். காதில் குளிர் ஏறினால் அவர் பாடு அவருக்குத்தான் தெரியும். போட்டோவுக்கு மட்டும் கழற்றச் சொல்லலாம்.

ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு வெள்ளை உடுத்திப் போகும் நீலகிரிப் படுக இனப் பாட்டியிடம் 'ஒரு கலர் பார்டராவது' என்று ஆரம்பிக்காதீர்கள். இந்த மலையின் பழங்குடிகளான தோடர்கள் போர்த்தும் பூத்துக்குளியும் அப்படித்தான், அதில் நாம் திருத்த ஒன்றும் இல்லை. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக அவர்கள் போடும் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வேலை செய்த சால்வையை உங்கள் அம்மாவுக்கு வாங்கலாம். பளபளக்கும் பொன்னாடைக்கு அது எவ்வளவோ மேல்.

அழகைப் பார்த்து ஆபத்தை விடும் இடங்களும் உண்டு. மலிவாகக் கிடைக்கும் ஸ்வெட்டர்களில் பெரும்பாலும் அக்ரிலிக் நூல்தான். தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். விறகடுப்பு, கணப்பு, ஹீட்டர் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு அசல் கம்பளியோ கனமான பருத்தியோ நல்லது. சால்வை நுனியும் தொங்கக்கூடாது. செருப்போடு சாக்ஸ் போடுகிறவர்களுக்குக் கட்டைவிரல் பிரிந்த சாக்ஸே வசதி, ஆனால் வெறும் சாக்ஸோடு மொசைக் தரையில் நடந்தால் வழுக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சாக்ஸின் மேல்பட்டி காலில் தடம் பதிக்கும்படி இறுகக்கூடாது. ஷூவை மாலையில் வாங்குங்கள், காலின் வீக்கம் அப்போதுதான் தெரியும். மழையில் நனைந்த சரிவுப் பாதையில் வழவழப்பான அடிப்பாகம் காலை வாரிவிடும்.

டிசம்பர், ஜனவரியில் காலையில் உறைபனி, மதியம் சுள்ளென்று வெயில். தடிமனான ஒன்றை மாட்டிவிடுவதைவிட உள்ளே மெல்லிய தெர்மல், மேலே ஸ்வெட்டர் என்று அடுக்கினால் வேண்டும்போது ஒன்றைக் கழற்றலாம், உடம்பும் மூட்டை மாதிரித் தெரியாது.

இவ்வளவு பார்த்து வாங்கிய கம்பளியை வெந்நீரில் போட்டால் சுருங்கிப்போகும், ஈரத்தோடு கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும். துண்டில் சுருட்டி அழுத்தி, மட்டமாக விரித்துக் காயவையுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழையில் அது காய நாள்கணக்காகும். அதனால் ஒன்றுக்கு இரண்டாக எடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பழைய ஸ்வெட்டரே திரும்ப வெளியே வரும்.