லினக்ஸ் கெர்னலிடம் சிபியுவைப் பற்றிக் கேட்பதும் சொல்வதும்: புதியவர்களுக்கான செய்முறை

கணினியின் சிபியுவில் (கணக்குகளைச் செய்யும் சிப்) எத்தனை கோர், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் பகுதி, இருக்கிறது, இப்போது என்ன வேகத்தில் ஓடுகிறது என்று பார்க்கத் தனியாக எந்த மென்பொருளும் தேவையில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அந்த விவரங்களை எல்லாம் கோப்புகளாக நம் முன் வைத்திருக்கிறது. கோப்பைப் படித்தால் கெர்னலிடம் கேள்வி கேட்டதாக அர்த்தம். சில கோப்புகளில் எழுதினால், கெர்னலுக்கு உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். சிஸ்டம் மானிட்டர் மாதிரியான கருவிகளும் உள்ளே இந்தக் கோப்புகளைத்தான் படிக்கின்றன. அதனால் மூலத்தை நேரடியாகப் படிக்கப் பழகிக்கொள்வதே நல்லது என்று நான் நம்புகிறேன்.

தேவையானவை: உபுண்டு, டெபியன், ஃபெடோரா போல ஏதாவது ஒரு லினக்ஸ், ஒரு டெர்மினல், கடைசி இரண்டு படிகளுக்கு மட்டும் சூடோ அனுமதி (நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளை ஓட்டும் உரிமை). மெய்நிகர் கணினியிலோ, விண்டோஸுக்குள் ஓடும் டபிள்யூஎஸ்எல்லிலோ செய்தால் வேகம் சம்பந்தப்பட்ட கோப்புகள் பெரும்பாலும் இருக்காது. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்புப்படி தமிழில் கொடுத்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். முதல் இரண்டு மூன்று எழுத்து தட்டி டேப் விசையை அழுத்தினால், மீதிப் பெயரை அதுவே நிரப்பிவிடும்.

படி 1: சிபியுஇன்ஃபோவைப் படிப்பது

கேட் /ப்ராக்/சிபியுஇன்ஃபோ

கேட் என்பது ஒரு கோப்பில் இருப்பதைத் திரையில் காட்டும் கட்டளை. திரை நிறைய வரிகள் ஓடும். உற்றுப் பார்த்தால் ஒரே மாதிரியான பத்திகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கெர்னல் கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு சிபியுவுக்கும் ஒரு பத்தி. ப்ராசஸர் என்ற வரியில் 0, 1, 2 என்று எண் இருக்கும். மாடல் நேம் என்பதில் சிப்பின் பெயர். சிபியு கோர்ஸ் என்பது உண்மையான கோர்களின் எண்ணிக்கை, சிப்ளிங்ஸ் என்பது த்ரெட்களின் எண்ணிக்கை. த்ரெட் என்பது ஒரு கோருக்குள் ஓடும் ஒரு வேலைத் தடம், கெர்னல் அதைத்தான் ஒரு சிபியுவாக எண்ணுகிறது. கோர்ஸ் 4, சிப்ளிங்ஸ் 8 என்று வந்தால் ஒரு கோருக்கு இரண்டு த்ரெட். ஆனால் 2021இல் வந்த 12ஆம் தலைமுறை இன்டெல்லில் தொடங்கி இந்த வகுத்தல் கணக்கு எப்போதும் சரியாக வராது. ஐ5-1240பி சிப்பில் 12 கோர், 16 த்ரெட். அதில் பெரிய கோர் நான்குக்கும் இரண்டிரண்டு த்ரெட், சிறிய கோர் எட்டுக்கும் ஒவ்வொன்றுதான்.

ஃபிளாக்ஸ் என்ற நீண்ட வரியைத் தவிர்த்துவிடாதீர்கள். சிப்புக்கு என்னென்ன திறமை இருக்கிறது என்பதை கெர்னல் அங்கேதான் பட்டியல் போட்டிருக்கிறது. எல்எம் இருந்தால் 64 பிட். ஏஇஎஸ் இருந்தால் குறியாக்கத்துக்கு வன்பொருள் உதவி உண்டு. இன்டெல்லில் விஎம்எக்ஸ், ஏஎம்டியில் எஸ்விஎம் இருந்தால் மெய்நிகர் கணினி ஓட்டலாம். அது காணவில்லை என்றால் முதலில் கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பைப் பாருங்கள், அங்கே அணைத்து வைத்திருக்கலாம். போகோமிப்ஸ் என்ற வரியை வைத்து மட்டும் இரண்டு கணினிகளின் வேகத்தை ஒப்பிடாதீர்கள். அது கெர்னல் தன் காத்திருப்புச் சுழற்சியை அளந்துகொள்ளும் எண், அவ்வளவுதான்.

அப்புறம் இதையும் பாருங்கள்:

எல்எஸ் -எல் /ப்ராக்/சிபியுஇன்ஃபோ

கோப்பின் அளவு 0 என்று வரும். வட்டில் அப்படி ஒரு கோப்பே கிடையாது. நீங்கள் படிக்கும் அந்த நொடியில் கெர்னல் பதிலை எழுதித் தருகிறது.

ராஸ்பெர்ரி பை (ஆர்ம் வகைச் சிப் உள்ள சிறிய கணினி) வைத்திருப்பவர்களுக்கு இதே கோப்பு வேறு மாதிரி தெரியும். ஆர்ம் சிப்களில் தயாரிப்பாளர் எண், பாகத்தின் எண் என்றுதான் வரும். 0எக்ஸ்41 என்றால் ஆர்ம் நிறுவனம், பாகம் 0எக்ஸ்டி08 என்றால் கார்டெக்ஸ் ஏ72. ஒவ்வொரு சிப் வகைக்கும் இந்தக் கோப்பின் வடிவம் மாறும் என்பதால், ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்பு) எழுதும்போது இதை மட்டும் நம்பி எழுதாதீர்கள்.

படி 2: ஒரு கோப்பு, ஒரு மதிப்பு

ஸ்கிரிப்டுக்கு ஏற்ற இடம் சிஸ் அடைவு (ஃபோல்டர்). 2.6 கெர்னலோடு 2003இல் வந்தது. ஒரு கோப்புக்கு ஒரு மதிப்பு என்பது இங்கே பொதுவான விதி.

சிடி /சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/சிபியு
எல்எஸ்

சிபியு0, சிபியு1 என்று அடைவுகள் வரிசையாக இருக்கும். ஆன்லைன் என்ற கோப்பைக் கேட் செய்தால் 0-7 என்பது போல வரும், அதாவது எட்டு சிபியுவும் வேலையில் இருக்கின்றன. சிபியு0 அடைவுக்குள் டோபாலஜி, கேஷ் என்று இரண்டு அடைவுகள். எந்த த்ரெட்கள் ஒரே கோரைப் பகிர்கின்றன, எந்த கேஷ் (சிப்புக்குள் இருக்கும் வேகமான சிறு நினைவகம்) எத்தனை கேபி என்பதெல்லாம் அவற்றுக்குள் இருக்கிறது. இதையும் சிபியுஇன்ஃபோவையும் சேர்த்துப் படித்து, அழகாக அடுக்கிக் காட்டுவதுதான் எல்எஸ்சிபியு கட்டளையின் வேலை.

வல்னரபிலிட்டீஸ் என்ற அடைவையும் கட்டாயம் திறந்து பாருங்கள். மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற சிபியு பாதுகாப்பு ஓட்டைகள் 2018 ஜனவரியில் வெளியானபோது சேர்க்கப்பட்டது. உங்கள் சிப்புக்கு எந்தப் பாதிப்பு உண்டு, கெர்னல் அதற்கு என்ன தடுப்பு போட்டிருக்கிறது என்பது ஒவ்வொரு கோப்பிலும் ஒரு வரியாக இருக்கும்.

படி 3: வேகம்

சிபியு0 அடைவுக்குள் சிபியுஃப்ரீக் என்ற அடைவுக்குப் போங்கள். இங்கே கோப்புப் பெயரின் முன்பாதியைக் கவனித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். சிபியுஇன்ஃபோ_ என்று தொடங்கினால் அது சிப்பால் முடிந்த எல்லை. ஸ்கேலிங்_ என்று தொடங்கினால் அது கெர்னல் இப்போது வைத்திருக்கும் கொள்கை. சிபியுஇன்ஃபோ_மேக்ஸ்_ஃப்ரீக் கோப்பில் 4200000 என்றும் ஸ்கேலிங்_மேக்ஸ்_ஃப்ரீக் கோப்பில் 3000000 என்றும் இருந்தால், சிப் 4.2 கிகாஹெர்ட்ஸ் போகும், ஆனால் யாரோ 3க்கு மேல் போகாதபடி வரம்பு போட்டிருக்கிறார்கள். எண்கள் கிலோஹெர்ட்ஸில் இருக்கும். கணினி மந்தமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டு எண்களைத்தான்.

படி 4: கவர்னரை மாற்றுவது

வேகத்தை எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்று முடிவு செய்யும் கொள்கைக்குக் கவர்னர் என்று பெயர். உங்கள் கணினியில் என்னென்ன கவர்னர் உண்டு என்பது ஸ்கேலிங்_அவெய்லபிள்_கவர்னர்ஸ் கோப்பில் இருக்கும். மாற்றுவதற்கு முன், வேகத்தை இயக்கும் டிரைவர் (வன்பொருளோடு பேசும் கெர்னல் பகுதி) எது என்று சொல்லும் ஸ்கேலிங்_டிரைவர் கோப்பையும் படியுங்கள், ஏனென்றால் ஒரே பெயருக்கு டிரைவரைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது. பழைய ஏசிபிஐ டிரைவரில் பவர்சேவ் என்றால் எப்போதும் குறைந்தபட்ச வேகம்தான். இன்டெல்_பிஸ்டேட் டிரைவரில் அதே பவர்சேவ், வேலைக்கு ஏற்ப வேகத்தை ஏற்றி இறக்கும். பெயரைப் பார்த்துப் பயந்து அதை மாற்ற வேண்டியதில்லை.

எழுதும் முறை:

எக்கோ பெர்ஃபார்மன்ஸ் | சூடோ டீ ஸ்கேலிங்_கவர்னர்

எக்கோ ஒரு சொல்லை வெளியே அனுப்புகிறது, டீ அதை வாங்கிக் கோப்பில் எழுதுகிறது. எதற்கு இந்த டீ? சூடோ எக்கோ என்று எழுதி > குறியால் கோப்புக்குத் திருப்பினால் அனுமதி இல்லை என்று வரும். சூடோவின் அதிகாரம் எக்கோவுக்கு மட்டும்தான் போகிறது. கோப்பைத் திறப்பது உங்கள் ஷெல் (டெர்மினலில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்), அதற்கு அந்த அதிகாரம் இல்லை. டீயை சூடோவோடு ஓட்டினால் கோப்பைத் திறப்பதே அதுதான் என்பதால் எழுத முடிகிறது. இது சிபியு0க்கு மட்டுமான மாற்றம். எல்லாவற்றுக்கும் வேண்டும் என்றால் /சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/சிபியு அடைவில் நின்றுகொண்டு, பாதையில் எண் இருக்கும் இடத்தில் நட்சத்திரக் குறி போடுங்கள்: சிபியு*/சிபியுஃப்ரீக்/ஸ்கேலிங்_கவர்னர். டெஸ்க்டாப்பில் பவர் மோட் தேர்வு இருந்தால், அது பின்னால் இதை மறுபடி மாற்றக்கூடும்.

படி 5: ஒரு சிபியுவை நிறுத்திப் பார்ப்பது

சேமிக்காத வேலை இருந்தால் சேமித்துவிட்டு, அதே /சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/சிபியு அடைவில் இதைச் செய்யுங்கள்.

எக்கோ 0 | சூடோ டீ சிபியு3/ஆன்லைன்

அதில் ஓடிக்கொண்டிருந்த வேலைகளைக் கெர்னல் மற்ற சிபியுகளுக்கு மாற்றிவிடும். எதுவும் நிற்காது. இப்போது ஆன்லைன் கோப்பைப் படித்தால் 0-2,4-7 என்று வரும். என்ப்ராக் கட்டளை ஒன்று குறைத்துச் சொல்லும். /ப்ராக்/இன்டரப்ட்ஸ் கோப்பில் சிபியு3க்கான நெடுவரிசையே காணாமல் போயிருக்கும். பெரும்பாலான இன்டெல், ஏஎம்டி கணினிகளில் சிபியு0 அடைவில் மட்டும் ஆன்லைன் கோப்பு இருக்காது, அதை நிறுத்த முடியாது.

திரும்ப இயக்க அதே கட்டளையில் 0க்குப் பதில் 1. மறந்துவிட்டாலும் பரவாயில்லை, இந்த அடைவில் எழுதுவது எதுவும் மறுதொடக்கத்தைத் தாண்டி நிற்காது. கவர்னர் மாற்றம் நிலையாக வேண்டும் என்றால், அதே எக்கோ வரியை முழுப் பாதையோடு ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் வைத்து, அதைக் கணினி தொடங்கும்போது ஒரு சிஸ்டம்டி சர்வீஸ் (பின்னணியில் நிரல்களைத் தொடங்கும் அமைப்பு) ஓட்டும்படி செய்யுங்கள்.