திருகோணமலையில் கட்சியைத் தெரிவு செய்ய முன்

இலங்கைப் பாராளுமன்றத் தேர்தலில் எங்கட வாக்கு முதலில் கட்சிக்குத்தான். அதுக்குப் புள்ளடி போட்ட பிறகே அதே கட்சியில் 3 பேர் வரைக்கும் விருப்பு வாக்கு. அதனால் "ஆள் நல்லவர்" எண்டது மட்டும் போதாது. அவரோட பட்டியலில் நிற்கிற மற்ற ஆக்களையும் பாருங்கோ. உங்கட வாக்கு அந்த ஆக்களில் ஒருத்தரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பி வைக்கவும் கூடும்.

திருகோணமலை, மூதூர், சேருவில மூன்றும் சேர்ந்த மாவட்டத்துக்கு 4 ஆசனம். கூடிய வாக்கு எடுத்த கட்சிக்கு அதில் ஒன்று போனஸ். மாவட்டத்தில் 5 சதவீதத்துக்குக் கீழே போன கட்சி ஆசனக் கணக்கிலேயே இல்லை. சின்னச் சுயேச்சைக் குழுக்களுக்குப் போடுறவை இதை யோசிக்க வேணும்.

கட்சியின்ர தேர்தல் விஞ்ஞாபனம் முழுக்க வாசிக்கத் தேவையில்லை (ஆர் வாசிக்கினம்?). உங்களுக்கு முக்கியமான இரண்டு விசயத்தை மட்டும் எடுங்கோ: குச்சவெளிப் பக்கக் காணி, கடற்றொழில், புல்மோட்டை கனிய மணல், எதுவெண்டாலும். பழைய உறுப்பினர் எண்டால் சபையில் அதைப்பற்றி என்ன பேசினவர் எண்டு ஹன்சாட்டில் (சபைப் பேச்சுகளின்ர பதிவு) தேடுங்கோ. பாராளுமன்ற இணையத்தளத்தில் கிடக்கு. தமிழில் பேசினது தமிழிலேயே இருக்கும். புதுமுகம் எண்டால் வாக்குக் கேட்டு வீட்டுக்கு வரேக்க நேராகவே கேளுங்கோ.