பாலை மணலில் சொட்டுநீர்: செடிக்கு எத்தனை லிட்டர், உப்பை எங்கே தள்ளுவது?

பாலை நிலத்தில் விவசாயம் என்றதுமே தண்ணீர் போதுமா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். போதாதுதான். ஆனால் சொட்டுநீர் போட்டும் இரண்டாவது பருவத்திலேயே இலை ஓரம் கருகுகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது உப்பை. அதனால் குழாய் போடுவதைப் பற்றிக் கொஞ்சமும் உப்பைப் பற்றி நிறையவும் சொல்கிறேன்.

முதல் வேலை: தண்ணீரை அளப்பது

கையடக்க ஈ.சி. மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் (ஈ.சி. என்பது தண்ணீரின் மின்கடத்துத் திறன்; உப்பு ஏற ஏற அதுவும் ஏறும்). மோட்டாரைப் போட்டு அரை மணி நேரம் ஓடவிட்டு, அப்புறம் ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து அளங்கள். மீட்டர் 2 டெசிசைமன்ஸ் (ஈ.சி.யின் அலகு, dS/m) காட்டினால், லிட்டருக்குத் தோராயமாக 1.28 கிராம் உப்பு இருக்கிறது. இவ்வளவுதானா என்று தோன்றும். ஒரு பருவத்தில் சதுர மீட்டருக்கு 600 லிட்டர் விட்டால் முக்கால் கிலோ உப்பைக் கொட்டியிருப்பீர்கள்! தண்ணீரைச் செடி குடித்துவிடும், வெயில் உறிஞ்சிவிடும். உப்பு அப்படியே மண்ணில் தங்கும்.

எந்தப் பயிர் எவ்வளவு தாங்கும் என்பதும் தெரிய வேண்டும். மண்ணைக் குழைத்து எடுத்த சாற்றின் ஈ.சி., பீன்ஸுக்கு 1, தக்காளிக்கு 2.5, பேரீச்சைக்கு 4, பார்லிக்கு 8 வரை போகலாம். அதைத் தாண்டினால் விளைச்சல் இறங்கத் தொடங்கும். உப்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு பீன்ஸ்தான் போடுவேன் என்று அடம்பிடிப்பதில் அர்த்தமில்லை.

அடுத்து மண்

ஒரே ஒரு டிரிப்பரை (குழாயில் தண்ணீர் சொட்டும் முனை) ஒரு மணி நேரம் சொட்டவிட்டு, பக்கத்தில் கொத்தால் வெட்டிப் பாருங்கள். களிமண்ணில் ஈரம் வெங்காயம் மாதிரி அகலமாகப் பரவியிருக்கும், மணலில் கேரட் மாதிரி ஒடுங்கி நேராகக் கீழே இறங்கியிருக்கும். அந்தக் கேரட்டின் அகலத்தை ஸ்கேல் வைத்து அளங்கள், டிரிப்பர்களுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளி அதிலிருந்துதான் வரும். கடைக்காரர் சொன்ன இடைவெளியில் போட்டுவிட்டு, நடுவில் உள்ள செடிகள் மட்டும் ஏன் வாடுகின்றன என்று நானும் ஒரு பருவம் முழுக்க மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறேன்.

இப்போது கணக்கு

பயப்பட வேண்டாம், பெருக்கலும் வகுத்தலும்தான். ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். கோடையில் பாலைப் பகுதிகளில் நாளொன்றுக்கான நீர்த்தேவை 8 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம் (பக்கத்து வானிலை நிலையத்தில் 'சான்று நீராவிப்போக்கு' என்று கேட்டால் சரியான எண் கிடைக்கும்). காய்பிடிக்கும் தக்காளிக்கு அதை 1.15-ஆல் பெருக்கினால் 9.2 மி.மீ. வரிசைக்கு வரிசை 1.5 மீட்டர், செடிக்குச் செடி 40 செ.மீ. என்றால் ஒரு செடிக்கு 0.6 சதுர மீட்டர் இடம். ஆக, செடிக்கு 5.5 லிட்டர்.

இதோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். உப்பை வேருக்குக் கீழே தள்ள உபரியாகக் கொஞ்சம் விட வேண்டும். பயிர் தாங்கும் அளவை 5-ஆல் பெருக்கி, அதிலிருந்து தண்ணீரின் ஈ.சி.யைக் கழியுங்கள்: 12.5-இல் 2 போக 10.5. தண்ணீரின் ஈ.சி.யை இதனால் வகுத்தால் 0.19, அதாவது விடுகிற தண்ணீரில் 19 சதவீதம் உப்பைக் கழுவுவதற்கு. 5.5-ஐ 0.81-ஆல் வகுத்தால் 6.8 லிட்டர். மணிக்கு 2 லிட்டர் விடும் டிரிப்பர், செடிக்கு ஒன்று என்றால் 3 மணி 24 நிமிடம் ஓட வேண்டும்.

ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள், மணலில் பாதி வேரைத் தாண்டிப் போய்விடும். நாளுக்கு மூன்று நான்கு தவணையாகப் பிரியுங்கள். அடியில் கெட்டியான சுண்ணாம்புப் படிவம் இருந்தால், கழுவிய உப்பு வழியில்லாமல் தேங்கித் திரும்ப மேலே ஏறும். நடுவதற்கு முன்பே ஒன்றரை மீட்டர் குழி வெட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

ஃபில்டரை அடிக்கடி கழுவுங்கள். வாரம் ஒருமுறை வரிசையின் தலைப்பிலும் கடைசியிலும் கால் மணி நேரம் பாட்டிலில் பிடித்து ஒப்பிடுங்கள், கடைசியில் குறைந்தால் அடைப்பு அல்லது அழுத்தக் குறைவு.

கடைசியாக, மழை. சில வாரங்களில் ஈர வட்டத்தின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கும்; விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். தப்பித்தவறித் தூறல் விழுந்தால், பாலையில் இருப்பவருக்குச் சந்தோஷத்தில் முதலில் மோட்டாரை நிறுத்தத்தான் கை போகும். நிறுத்தாதீர்கள். லேசான தூறல் அந்த வெள்ளை உப்பைக் கரைத்து நேராக வேர்ப்பக்கம் கொண்டுவரும், பலத்த மழையாகப் பெய்து அதைக் கீழே இறக்கும் வரை சொட்டிக்கொண்டே இருக்கட்டும்.