நினைவிழந்த இளவரசனை எழுதும்போது நாம் வழுக்கி விழும் இடங்கள்

கண் விழிக்கிறான். வெள்ளைச் சுவர். "நான் யார்? எங்கே இருக்கிறேன்?" தாதி ஓடி வருகிறார். அவன் மணிக்கட்டில் ஒரு தழும்பு பச்சையாக மின்னுகிறது.

இந்தத் தொடக்கத்தை இதுவரை மூன்று கைப்பிரதிகளில் படித்துவிட்டேன். அதில் ஒன்று நான் எழுதியது, அதனால் மற்ற இரண்டையும் கிண்டல் செய்ய எனக்கு வாயில்லை. மாயலோகத்திலிருந்து துரத்தப்பட்ட இளவரசன், நினைவெல்லாம் பறிபோய், சிங்கப்பூரில் தெம்பனிஸ் அடுக்குமாடி புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில் வந்து விழுகிறான். கேட்கவே நன்றாக இருக்கிறது, எழுத உட்கார்ந்தால் முதல் இரண்டு வாரம் கை ஓடிக்கொண்டே இருக்கும், அப்புறம் ஒருநாள் கதை அப்படியே படுத்துக்கொள்ளும். என்னுடையது 140ஆம் பக்கத்தில் படுத்தது. வாங்கிப் படித்த தோழி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அவன் மறந்துட்டான், சரி. எதை மறந்தான்னு உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. அவன் மறந்துவிட்டான் என்கிற சாக்கில் நானும் யோசிக்காமல் இருந்துவிட்டேன்.

மற்ற தவறுகள் எல்லாம் இதன் பிள்ளைகள்தான். நாயகனுக்கு நினைவில்லை என்றவுடன் எழுதுகிறவருக்கு ஒரு சோம்பல் வந்துவிடுகிறது, அரண்மனையைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அப்பா யார், துரோகி யார் என்பதை இருபதாம் அத்தியாயத்தில் முடிவு செய்யலாம் என்று. வாசகர் மூன்றாம் அத்தியாயத்திலேயே இதை மோப்பம் பிடித்துவிடுவார். நாவலுக்கு வெளியே, யாருக்கும் காட்டாமல், அவன் மறந்ததை மட்டும் ஒரு பத்துப் பக்கம் எழுதி வையுங்கள். யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டான், எந்த விளையாட்டில் கள்ளாட்டம் ஆடினான், யாரைக் கண்டால் பயம், முக்கியமாக என்ன தப்பு செய்தான்.

அந்தத் தப்பு விஷயத்தில் நம் கைக்கெட்டும் தூரத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. மகாபாரதத்தில் வரும் துஷ்யந்தன் சகுந்தலையை மறக்கவே இல்லை. நன்றாக ஞாபகம் இருந்தும், ஊர் என்ன சொல்லுமோ என்று சபையில் வைத்துத் தெரியாது என்று சாதிக்கிறான். அவனை மறக்க வைத்த துர்வாசர் சாபமும் மோதிரமும் மீன் வயிறும் காளிதாசர் தன் நாடகத்தில் பின்னால் சேர்த்தவை. அந்த ஒரு சாபத்தால் பொய்யன் பாவப்பட்டவனாக மாறிவிடுகிறான். மறதிக்குக் கதையில் இவ்வளவு வேலை இருக்கிறது, அது ஒருத்தன் குற்றத்தைத் துடைத்துவிடும். உங்கள் இளவரசன் நாடுகடத்தப்படும் முன்பு ஏதோ கொடுமை செய்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அவனுக்கு அது ஞாபகம் இல்லை, சாதுவாக இருக்கிறான், எதிர்வீட்டுப் பாட்டிக்குச் சாமான் தூக்கிக் கொடுக்கிறான். அவனை மன்னிக்கலாமா? பாதிக்கப்பட்டவள் தேடிக்கொண்டு வந்து நின்றால் என்ன சொல்வான்? என்னைக் கேட்டால் நாவலே இங்கேதான் இருக்கிறது. வாள்சண்டையை நான் பெரும்பாலும் புரட்டிவிட்டுப் போகிறவள்.

அடுத்த தவறு, எல்லாவற்றையும் மறக்க வைப்பது. நிஜத்தில் மறதி அப்படி ஒட்டுமொத்தமாகத் துடைப்பதில்லை. ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அதற்குப் பிறகு புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவரிடம் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு அதன் கோட்டை ஒட்டி வரையச் சொன்னார். ஒவ்வொரு நாளும் கை தேறிக்கொண்டே வந்தது, ஆனால் இதை நேற்றும் வரைந்தோம் என்பது அவருக்குத் தெரியாது. கைப்பழக்கத்தின் நினைவு மூளையில் ஒரு அறையிலும், நாம் 'ஞாபகம்' என்று சொல்வது வேறு அறையிலும் இருக்கின்றன. மந்திரத்தால் வந்த மறதிக்கு மருத்துவ விதி பொருந்த வேண்டியதில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பெயரை மறந்தவனுக்குக் கை மறக்கவில்லை என்று வைத்தால் உங்களுக்கு எழுத நூறு காட்சி கிடைக்கும்.

என் இளவரசனை ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கி லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் ஒரு பூக்கடையில் போட்டேன். கடைக்கார அக்கா மல்லிகையைக் குவித்துவிட்டுக் கட்டச் சொல்கிறார். அவன் விரல்கள் தாமாக ஓடுகின்றன. இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், நூலைச் சுற்றி இழுக்கும்போது நடுவில் ஒரு திருப்பு. அந்தத் திருப்பு அந்தத் தெருவில் யாரும் போடாதது. "யார்கிட்ட தம்பி கத்துக்கிட்ட?" அவன் தன் கையைப் பார்க்கிறான். சரம் முடிந்ததும் அக்கா கத்தரிக்கோலை நீட்டுகிறார், வாங்காமல் நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறான். ஏன் என்று நான் எழுதவில்லை. மாயக்குலத்துக்கு இரும்பு ஆகாது என்று தெரிந்தவர் சிரித்துக்கொள்வார், தெரியாதவர் நான்காவது முறை அவன் கத்தரிக்கோலைத் தவிர்க்கும்போது பிடித்துவிடுவார்.

இரும்பு என்றதும் ஞாபகம் வருகிறது. ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் மாயக்குலத்தார் குழந்தையை மாற்றித் தூக்கிப்போய்விடுவார்கள் என்று தொட்டிலில் இரும்பு வைத்தார்கள். நம்மிலும் பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் இரும்புத் துண்டு, கறிச்சோறு எடுத்துப் போனால் கூடவே கரித்துண்டும் ஆணியும். ஆக நம் வாசகருக்கு இதை மெனக்கெட்டு விளக்க வேண்டியதே இல்லை. ஆனால் சிங்கப்பூரில் இந்த விதியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மறந்துவிடுகிறோமே, அதுதான் வேடிக்கை. வீவக அடுக்குமாடி வீடு என்றால் சுவருக்குள் இரும்புக்கம்பி. மின்தூக்கி இரும்புப் பெட்டி. எம்ஆர்டி ரயிலில் ஏறாமல் இந்த ஊரில் எப்படி வேலைக்குப் போவான்? ஒரு கைப்பிரதியில் ஏழாம் பக்கத்தில் ஆணி குத்தி உயிருக்குப் போராடியவன் ஒன்பதாம் பக்கத்தில் ஜாலியாக 12வது மாடிக்கு மின்தூக்கியில் போகிறான். ஒன்று விதியைத் தளர்த்துங்கள், இல்லையென்றால் அதை வைத்தே எழுதுங்கள். அவனுக்கு எப்போதும் லேசான தலைவலி, எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை புக்கிட் தீமா காட்டுக்குள் ஏறுகிறான், பாதி வழியில் வலி நின்றுவிடுகிறது. 163 மீட்டர் குன்றுதான், அதற்கே அவன் அழுதுவிடுகிறான். (உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரம் இருக்கிறது. அங்கே மறுபடி வலிக்கும்.)

நாடுகடத்தல் பற்றிச் சொல்ல வேண்டும். "அவன் நாடுகடத்தப்பட்டான்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். யார் தீர்ப்புச் சொன்னது, எத்தனை வருடம், திரும்பி வந்தால் என்ன தண்டனை, எதுவும் இல்லை. பாண்டவர்களுக்கு 12 வருடம் வனவாசம், 13ஆம் வருடம் யார் கண்ணிலும் படாமல் இருக்க வேண்டும், பட்டால் மறுபடி 12 வருடம். இந்தக் கடைசி நிபந்தனை இல்லாவிட்டால் விராட நாட்டில் கதையே கிடையாது. பீமன் சமையல்கட்டில் இருப்பதும், அர்ச்சுனன் நாட்டியம் சொல்லிக்கொடுப்பதும், ஆயுதங்களை வன்னி மரத்தில் ஒளித்து வைப்பதும் அதனால்தான். கீசகனைக் கொல்லும்போது நமக்குப் பதறுகிறதே, அவன் செத்தானே என்றா பதறுகிறோம்? மாட்டிக்கொள்வார்களே என்றுதான். உங்கள் இளவரசனுக்கும் அப்படி ஒரு நிபந்தனை வேண்டும். அந்த நிபந்தனை அவனுக்கே ஞாபகம் இல்லை, வாசகருக்கு மட்டும் தெரியும் என்றால் அவன் ஒரு சாதாரணக் கதவைத் திறக்கும்போதுகூட நாம் வேண்டாம் வேண்டாம் என்போம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கென்று தனியாக ஒரு பள்ளம் இருக்கிறது. 'தேவதை இளவரசன்' என்று எழுதினால் வாசகர் மனதில் வெள்ளை கவுனும் மந்திரக்கோலும்தான் வரும். தேவதை என்ற சொல்லைக் குழந்தைக் கதைகளில் தேய்த்துத் தேய்த்து அப்படி ஆக்கிவிட்டோம். ஸ்காட்லாந்தின் பழைய நாட்டுப்பாடல்களில் வரும் மாயக்குலத்தாருக்கு இறக்கையே கிடையாது. தாமஸ் என்ற கவிஞனை அழைத்துப்போக வந்த மாயநாட்டு அரசி பச்சைப் பட்டு உடுத்திக் குதிரையில் வருகிறாள், குதிரையின் பிடரிக் கற்றை ஒவ்வொன்றிலும் 59 வெள்ளி மணிகள். அழகுதான், ஆனால் பக்கத்தில் போகப் பயமாக இருக்கும் அழகு. சங்க இலக்கியத்தின் 'அணங்கு', அழகால் அச்சமூட்டி வருத்தும் தெய்வம், இதற்கு மிக அருகில் வருகிறது. 'இயக்கன்' (யட்சன்) என்றும் வைக்கலாம், ஆனால் அதற்குக் குபேரனும் புராணமும் கூடவே வந்துவிடும்.

எனக்குப் பிடித்த வழி, பெயரே வைக்காமல் விடுவது. ஸ்காட்லாந்துக்காரர்கள் பயத்தில் அவர்களை 'நல்ல அண்டைவீட்டார்' என்றுதான் சொன்னார்கள். இரவில் பாம்பு என்று சொல்லாமல் பூச்சி என்கிறோம் இல்லையா, அதே கதை. இங்கே சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் சீன நண்பர்கள் ஆவிகளை 'நல்ல சகோதரர்கள்' என்பார்கள், மேடைக் கச்சேரிக்கு முன்வரிசை நாற்காலிகளை அவர்களுக்காகக் காலியாக விடுவார்கள். அந்த முன்வரிசையில் தெரியாமல் போய் உட்கார்ந்துவிட்ட ஒருத்தன், யாரும் அவனை எழுப்பத் துணியவில்லை. இந்த ஒரு காட்சி 'தேவதை இளவரசன்' என்று முப்பது இடத்தில் எழுதுவதற்குச் சமம்.

பெயர்கள் பற்றிச் சுருக்கமாக: ஏல்தரியன், ஏலியன்தர், ஏரியல்தன் மூவரையும் ஒரே அத்தியாயத்தில் கொண்டு வராதீர்கள். பேச்சு பற்றி: அரண்மனை ஆள் என்பதற்காக "யாதும் அறியேன்" என்று பேச வேண்டாம், காப்பிக்கடை அங்கிள் "பசியாறிட்டியா தம்பி?" என்று கேட்கும்போது அவன் கொஞ்சம் தாமதமாகப் பதில் சொன்னாலே அந்நியன் என்று தெரிந்துவிடும். மாயநாட்டில் சாப்பிட்டவன் திரும்ப முடியாது என்று கதைகள் சொல்கின்றன, அப்படியானால் இங்கே முதல் பரோட்டாவைப் பிய்த்து வாயில் போட்டவனுக்கு என்ன ஆகும்? இதையும் யோசித்து வையுங்கள்.

காலக்கணக்கை மட்டும் தாளில் போட்டுவிடுங்கள். அயர்லாந்துக் கதையில் வரும் வீரன் ஓஷீன், மாயநாட்டில் இருந்தது மூன்று வருடம் என்று நினைத்துத் திரும்பி வந்தபோது ஊரில் 300 வருடம் ஓடியிருந்தது, குதிரையிலிருந்து விழுந்து கால் மண்ணில் பட்டதும் கிழவனாகிவிட்டான். உங்கள் கணக்கு என்ன? எனக்கு இது ஒரு நல்ல காட்சியைக் கொடுத்தது. பூ வாங்கிவரப் போகிற என் ஆள் தேக்கா சந்தைக்குப் போகாமல், சிராங்கூன் ரோட்டைத் தாண்டாமல் இந்தப் பக்கமே போய் நின்று திருதிருவென்று முழிக்கிறான். சந்தை 1982இல்தான் சாலைக்கு அந்தப் பக்கம் போனது. அதற்கு முன்பு அது இருந்த இடத்துக்கு அவன் கால் அவனைக் கொண்டுபோயிருக்கிறது. பார்க்க இருபத்தைந்து வயதுதான். அக்கா எதுவும் கேட்கவில்லை, அன்றைக்குக் கடையைக் கொஞ்சம் சீக்கிரம் அடைத்தார்.

நினைவு திரும்பும் இடத்தில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறோம். மறுபடி தலையில் ஓர் அடி, அல்லது மந்திரக் கல்லைத் தொட்டவுடன் பன்னிரண்டு பக்கத்துக்குச் சாய்வெழுத்தில் முழு வரலாறு. தலையில் அடித்தால் இருப்பதும் போகும், அவ்வளவுதான். துணுக்குத் துணுக்காக வரட்டும், வரிசை தப்பி வரட்டும், ஒன்றிரண்டு பொய்யாகவும் இருக்கட்டும். அம்மா என்று நினைத்து அவன் ஏங்கிய குரல் சிறைக்காவலாளியின் குரலாக இருந்தால் எப்படி இருக்கும்? இன்னொன்று, எல்லாம் திரும்ப வந்ததும் உடனே சிம்மாசனத்தில் ஏற்றிவிடாதீர்கள். பூக்கடையில் ஒன்றரை வருடம் இருந்தவன் ஒருவன், அரண்மனையில் இருந்தவன் ஒருவன், இருவரும் ஒரே உடம்புக்குள் எப்படி ஒத்துப்போவார்கள் என்று அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

நான் ஆஸ்பத்திரி அத்தியாயத்தைத் தூக்கிவிட்டேன், அதோடு நாற்பது பக்கம் போனது. மின்னும் தழும்பும் போனது, அதற்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். இப்போது 90ஆம் பக்கம் வரைக்கும் வந்திருக்கிறேன். அவனுக்கு இன்னும் தன் பெயர் தெரியாது. எனக்குத் தெரியும், மேசை இழுப்பறையில் அந்தப் பத்துப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கடையில் எல்லோரும் தம்பி என்றே கூப்பிடுகிறார்கள்.